இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில்: ஆழ்வார்திருநகரி தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை



குடும்ப நலப் பேச்சு என்றதும் கருத்தடை, தடுப்பூசி என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போய், கணவனோ மனைவியோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். வாரம் மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம் என்றாலும் மிஷினில் கிடப்பது 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரம் அவர் உங்கள் வீட்டில், உங்கள் அடுக்களைச் சாப்பாட்டில் இருக்கிறார்.

கடம்பாகுளத்து மதகை மூடிவிட்டு வாய்க்காலை மட்டும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறி ஏறிக் கரையில் முட்டும். மூத்திரம் குறைந்துபோனவர் உடம்பும் அப்படித்தான். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. இரத்தக் குழாய்தான் அங்கே கரை. தண்ணீர் மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. குழாயின் உட்சுவர் வெங்காயத் தோல் போல மெல்லியது. நாள்பட்ட அழுத்தத்தில் அது கெட்டு, குழாய் விறைத்துப்போகிறது. விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத் தசை தடித்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் வாங்குவது இருதய நோய்தான். கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் நடப்பது தெரியாது.

சரி, தண்ணீரைக் குறைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். இங்கேதான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. செம்பை ஒளித்து வைக்கிறார்கள், கருவாட்டை மறைப்பதில்லை! உடம்பில் 8 கிராம் உப்பு சேர்ந்தால் அது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் கேட்கும். கேட்கும் என்றால் சும்மா இல்லை, நாக்கு வறண்டு உயிர் போகிற தாகம். அந்தத் தாகத்தை மனவுறுதியால் அடக்கு என்பது நடக்காத காரியம். பல வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏளா, ஒரு செம்பு தண்ணி கொண்டா."

"டாக்டரு என்ன சொன்னாக? இப்பத்தான குடிச்சிய?"

"தொண்டை காயுது, நான் என்ன செய்ய?"

இதில் இருவர் மேலும் குற்றமில்லை. மத்தியானக் குழம்பில் இருந்த உப்புதான் பேசுகிறது. தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு உப்பு ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் நிற்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். அவருக்கு மட்டும் தனிச் சட்டி வைத்தால் அவர் மனசு நோகும். வீடு முழுவதுக்கும் உப்பைக் குறைத்துவிடுங்கள். மற்றவர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. உப்புக்குப் பதில் உப்பு என்று கடையில் விற்பதை வாங்காதீர்கள். அவற்றில் பொட்டாசியம் இருக்கும். இவர்களுக்கு அது இருதயத்தையே நிறுத்தக்கூடியது. இளநீரும் அந்தக் காரணத்தால்தான் வேண்டாம்.

எவ்வளவு குடிக்கலாம்? முந்தின நாள் போன மூத்திரத்தின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு; உங்கள் டாக்டர் சொல்லும் அளவே முடிவு. காப்பி, ரசம், மோர், கஞ்சி, பதநீர், பழைய சோற்று நீராகாரம் எல்லாம் தண்ணீர்தான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துச் சின்ன டம்ளரில் குடிக்கட்டும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். சர்க்கரை நோயும் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை ஏறினாலும் தாகம் ஏறும்.

வீட்டில் ஒரு எடை மிஷின் இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் 2 கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. நாலு கிலோ ஏறிப் போனால் அத்தனையையும் 4 மணி நேரத்தில் இழுக்க வேண்டிவரும். அப்போது அழுத்தம் சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், இருதயத்துக்கே இரத்தம் குறையும். "மிஷின் இழுத்துரும்லா" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படி அழுத்தம் இறங்கினால் கையிலுள்ள ஃபிஸ்டுலாவும் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இந்த முறையை நியூயார்க் டாக்டர்கள் பிரெஸ்சியாவும் சிமினோவும் மற்றவர்களும் 1966-இல் வெளியிட்டார்கள். ஊசி போட அதுதான் வழி. காலையும் இரவும் விரலை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான வளையல், குடம் தூக்குவது, தலைக்கு வைத்துப் படுப்பது எல்லாம் வேண்டாம்.

டயாலிசிஸ் மனைவிக்கு என்றால் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அவளே சமைத்து, கடைசியில் மிச்சத்தைத் தின்று, மூச்சு வாங்குவதைச் சொல்லாமல் மறைப்பாள். எடையை நீங்கள் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை இரண்டு வேண்டும் என்றால், அடுத்த முறை வரட்டும் என்று காத்திராதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோயிற்று. அப்படி ரோடு அறுந்தால் டயாலிசிஸ் முறை தப்பும். அந்த நாட்களில் தண்ணீரைப் பாதியாக்கி, வாழைப்பழம், மற்றப் பழங்கள், கீரையை நிறுத்திவிடுங்கள். பொட்டலமாக வரும் புளிச்சோற்றில் உப்பு அதிகம்; இட்லியோ வெறும் சோறோ கொடுங்கள். ஐப்பசி பிறந்ததும் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு வாங்கி, டயாலிசிஸ் சீட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் முறையை ஒரு நாள் முன்னதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. உங்களுக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், விண்ணப்பம் எழுதித் தருகிறேன். எடை மிஷினும் இங்கேதான் இருக்கிறது. காலில் வீக்கம் உள்ளவர்கள் முதலில் வந்து நில்லுங்கள்.