டாக்டரம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்

தேனி மாவட்டத்தில் மயிலாடும்பாறை, வருசநாடு, கடமலைக்குண்டு பக்கம் இலவந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் கூலிவேலை பார்க்கும் ஒரு பெண், மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம். வெள்ளைப்படுது, இடுப்பு கடுக்குது, உடம்பெல்லாம் அசதியா இருக்கு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே இல்லை என்றுதான் நர்ஸம்மாவிடம் சொல்வார். பெரும்பாலும் முதலில் சொன்னது மட்டும் சீட்டில் ஏறும், அதற்கு மாத்திரை கிடைக்கும். மாத்திரை தீர்ந்ததும் அதே தொல்லையோடு திரும்ப வருவார். அவருடைய மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறிய வேண்டிய இடம், அவர் ஏற்கெனவே வந்து நிற்கும் அந்த மகளிர் நோய்ப் பிரிவுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் கோவாவில் நல்ல ஆதாரம் இருக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் 18 முதல் 50 வயது வரையுள்ள சுமார் 2,500 பெண்களை ஆராய்ந்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களைக் கிருமித்தொற்று இருக்கிறதா என்று ஆய்வகத்திலும் சோதித்தார்கள். வெள்ளைப்படும் தொல்லைக்கும் தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, மன உளைச்சலோடு இருந்த தொடர்பே வலுவாகத் தெரிந்தது. அப்படியானால், சோதிக்காமலே கொடுக்கப்படும் கிருமிக்கொல்லி மாத்திரைகளில் எத்தனை வீண் என்று யோசித்துப் பாருங்கள். நம் மாநிலத்திலேயே, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமத்துக் கர்ப்பிணிகள் 359 பேரைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், நூற்றுக்கு 11 பேருக்குப் பிள்ளை பெற்ற பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனக்கசப்பு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது ஆகியவை அதற்கு வழிவகுத்தன. இந்தக் கடைசிக் காரணம் தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல.

எல்லாம் மனப்பிரமை என்று பெண்களின் வலியைத் தட்டிக்கழிக்கத்தான் இது உதவும் என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது, அப்படித் தட்டிக்கழிக்கப்பட்ட பெண்கள் ஏராளம். ஆகவே உடம்பை முதலில் பார்த்தே ஆக வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு, தொற்று, கர்ப்பப்பைக் கட்டி எதையும் விடக்கூடாது. மனதை விசாரிப்பது அதோடு சேர வேண்டிய வேலை, அதற்கு மாற்று அல்ல. இன்னொரு கேள்வி, கூட்டம் வழியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரம் எங்கே என்பது. கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்தே கிடக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் உலகெங்கும் முதல்கட்டச் சோதனையாகப் பயன்படுகின்றன. அவற்றைக் கேட்க ஒரு நிமிடம் போதும். ஆனால் மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. ஒரு திரைச்சீலையாவது வேண்டும்.

புருஷன் குடி, கடன், மழையில்லாத வருசம் இவைதானே காரணம், பேசி என்ன ஆகப்போகிறது என்ற கேள்விதான் இருப்பதிலேயே கனமானது. குடியும் கடனும் பேச்சால் ஒழியாது என்பது உண்மை. ஆனாலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம் முறையாகப் பேச உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில், அந்தப் பேச்சுதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. பெறாதவர்களில் அது 53 சதவீதம். வறுமை இரு தரப்புக்கும் பொதுவாகத்தான் இருந்தது. 2008-இல் வெளியான இந்த முடிவு நமக்கு நேராகப் பொருந்தும். வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பெண்களும் நம்மிடமே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுங்கள், முற்றிய நிலையில் இருப்பவர்களை க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வழிசெய்யுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். மனநல ஆலோசனைக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், அதன் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.