கோபம் வரட்டும், கணக்கும் வரட்டும்



நிறுவையில் கொழுந்து கழித்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அப்போது வாயில் வரும் வசவுதான் விசாரணைக் கடிதத்தில் ஏறுகிறது. கழித்த கிலோ ஏறுவதில்லை. ஆகவே முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: திகதி, நிறுத்த கிலோ, பதிந்த கிலோ. பிறகு தோட்டத் தலைவரோடு போய்ப் பேசுங்கள்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்றானபோது சிலர் வெற்றி என்றார்கள், சிலர் ஏமாற்று என்றார்கள். அதில் அடிப்படை 900, படி 100. இதை வாசித்து அறிந்தவருக்கே அடுத்து எதைக் கேட்பதென்று தெரிந்தது.

தலைவர் சொன்னார் என்று தலையாட்டாதீர்கள். நான் சொல்கிறேன் என்றும் வேண்டாம். உங்கள் கருத்து வேறென்றால் நம் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள். அப்போதுதான் துரைக்கு முன்னால் நம் பேச்சில் ஓட்டை இருக்காது.