உள்ளங்கால் நோவு
(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"நூற்றாண்டு விழாவில் உள்ளங்காலைப் பற்றியா பேசப் போகிறாய்?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அநேகர் வகுப்பறையிலோ குசினியிலோ நின்றே காலத்தைக் கழித்தவர்கள். பேசத்தான் வேண்டும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதலடி வைக்கும்போது குதிக்காலில் முள் ஏறினாற்போலக் குத்துகிறதா? கொஞ்சம் நடக்கக் குறைந்து, பின்னேரம் மறுபடி வருகிறதா? அநேகமாக அது குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டையின் நோவு. நெடுநேரம் நிற்பது, உடல் நிறை கூடுவது, மாபிள் தரையில் வெறுங்காலுடன் திரிவது எல்லாம் அதைக் கூட்டும். எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு வளர்ந்திருக்காம் டொக்டர்" என்று பயந்து வருவோர் பலர். நோவே இல்லாதவர்களின் குதியிலும் அந்த வளர்ச்சி இருக்கிறது. அதை வெட்டி எடுக்க அவசரப்படாதீர்கள்.

எழும்ப முன்பே, கட்டிலில் இருந்தபடி கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை பிடியுங்கள். இப்படிப் பத்துத் தரம், நாளுக்கு மூன்று முறை. வீட்டுக்குள்ளும் குதிக்கு மெத்தையான செருப்புப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே மாறும். மாதக்கணக்கு எடுக்கும் என்பதுதான் பொறுமையைச் சோதிப்பது. ஊசி சில கிழமைகளுக்குத் தணிக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் பட்டையே அறுந்துபோகலாம்.

முன்பாதம் நொந்தால் முதலில் ஒடுங்கிய சப்பாத்தை மாற்றுங்கள். கால் ஆணியைப் பிளேட்டால் சீவாதீர்கள்.

இரண்டு பாதங்களும் இரவில் எரிந்தால் கதை வேறு. சலரோகம் நரம்பைத் தாக்கியிருக்கலாம். மெற்போமின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் தெரியும். இவற்றைவிட எனக்குப் பயம் தருவது நோகாத கால். ஆடி வெயிலில் கோயில் வீதியைச் சுற்றிவிட்டு, "எனக்கொன்றும் சுடேல்லை" என்று பெருமையாகச் சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள். பக்தியை நான் குறைசொல்லவில்லை. பிறகு கிளினிக்கில் அந்தக் கொப்புளங்களைப் பார்ப்பவள் நான். சலரோகம் உள்ளவர்கள் விடியப்புறம், தரை குளிர்ந்திருக்கும்போது போங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுடுதண்ணீருக்குள் காலை வைக்கவே வேண்டாம்.

இன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சலரோகமுள்ள அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடச் சொல்லி, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் விரல்நுனியால் ஓரிரு செக்கன் மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறில் இரண்டு இடம் தெரியாமற் போனாலே உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்து, அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். புண்ணோ, வீக்கமோ, நிறமாற்றமோ கண்டால் கிளினிக் நாள் வரை பார்த்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள், நோவு இல்லாவிட்டாலும்.