நில்லும்மா



2024 ஏப்ரல் 19. வண்ணார்பேட்டையில் அம்மாவோடு ஓட்டுப் போடப் போனேன். பெண்கள் வரிசையில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவர், அம்மா முன்பு வேலை பார்த்த வீட்டுக்காரம்மா. அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர், புறவாசல் வழி.

"நீங்க முன்னால போங்கம்மா" என்று அம்மா விலகினாள். வயதுக்காக என்றால் நானே விட்டிருப்பேன். அவர் அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். நான் கையைப் பிடித்து, "நில்லும்மா" என்றேன். நின்றாள். ஆனால் உள்ளங்கை வேர்த்திருந்தது.

சொத்தும் வரியும் உள்ளவருக்கே பெரும்பாலும் ஓட்டு இருந்த காலத்தில், 1928இல், சைமன் குழுவிடம் வயது வந்த எல்லோருக்கும் அதைக் கேட்டவர் அம்பேத்கர். ஓட்டு வந்துவிட்டது. ஆனாலும் மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, உடனிருந்த ஐந்து பேரோடு வெட்டிக் கொன்றார்கள். அம்மாவின் பயத்தை வெறும் பழக்கம் என்று நான் எப்படிச் சொல்ல?

முதலில் அம்மாதான் போட்டாள். விரலில் மை காயுமுன்னே கேட்டாள்:

"அவிய என்ன நெனச்சிருப்பாவ?"

வீடு வரும்வரை மூன்று தடவை கேட்டாள்.