உலகைச் சுற்றி ஒரு சீட்டு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உங்கள் வகுப்பில் ஐந்து பேர் உலகத்தைச் சுற்றப் போகிறார்களாமே, அதுவும் பிஸ்னஸ் கிளாஸில்!" என்று சில மாதங்களாகப் பலர் கேட்டுவிட்டார்கள். சிலர் மகிழ்ந்து கேட்டார்கள். சிலர், லயத்து அறையிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்ற தொனியில் கேட்டார்கள். இரு சாராருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவே இந்த மேடையைக் கேட்டு வாங்கினோம்.

எங்கள் வகுப்புத் தோழிகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறார்கள். நூற்றாண்டுக்கு வர முடியாதவர்களை நாங்களே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். மூன்று தனிப் பயணங்களாகப் போனால் மூன்று முறை கட்டுநாயக்கவுக்குத் திரும்ப வேண்டும். ராகலையிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேர்வதற்கே ஓர் இரவு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் 'உலகச் சுற்றுச் சீட்டு' என்று ஒன்று இருப்பதைத் தேடிப் படித்தோம்.

உலகைச் சுற்றும் ஆசை பெண்களுக்குப் புதிதல்ல. 1889இல் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தனியாகப் புறப்பட்டு 72 நாட்களில் சுற்றி முடித்தார். வழியில் கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள் காத்திருந்தார்; அந்த இடைவெளியில் கண்டிக்கும் போய்வந்தார். இன்று கப்பலுக்குப் பதிலாக விமானக் கூட்டணிகள் இருக்கின்றன. எங்கள் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே 1இல் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. அந்தக் கூட்டணியின் சுற்றுச் சீட்டுக்கு விலை, எத்தனை கண்டங்களைத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியிலோ மொத்த மைல் தூரத்தைப் பொறுத்தது.

வன்வேர்ல்ட் சீட்டின் முக்கிய நிபந்தனைகள் இவை. தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போக வேண்டும். அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும். பதினாறு பறப்புகளுக்கு மேல் கூடாது. ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும். திகதியை மாற்றுவது பொதுவாக எளிது. வழியை மாற்றினால் கட்டணம் உண்டு. தொடங்கும் நாட்டைப் பொறுத்து அதே சுற்றின் விலை மாறும் என்பதையும் கவனியுங்கள். மைல் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் விலை குறைந்த நாட்டுக்குப் போய் அங்கிருந்து தொடங்குவார்கள். கொழும்பும் அவர்கள் பேச்சில் அடிபட்டதுண்டு.

எங்கள் வழி இது: கொழும்பிலிருந்து டோஹா, லண்டன், ரொறன்ரோ, டலஸ், லொஸ் ஏஞ்சலிஸ், சிட்னி, மெல்பேர்ன், மீண்டும் கொழும்பு. நான்கு கண்டங்கள், எட்டுப் பறப்புகள், ஏறக்குறைய 24,500 மைல். உலகத்தின் சுற்றளவு 24,900 மைல்.

இனி மைல் கணக்கு. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981இல் தொடங்கிய திட்டத்தை மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. ஸ்ரீலங்கனின் திட்டத்துக்கு ஃபிளைஸ்மைல்ஸ் என்று பெயர். ஆரம்பத்தில் பறந்த தூரத்துக்கே மைல் கொடுத்தார்கள். இப்போது பல நிறுவனங்கள் கொடுத்த பணத்துக்கு மைல் கொடுக்கின்றன. ஆனால் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் பறக்கும்போது தூரத்தையும் வகுப்பையும் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் பல திட்டங்களில் இன்னும் இருக்கிறது. சுற்றுச் சீட்டில் மைல் குவிவதற்கு இதுதான் காரணம்.

கொழுந்து நிறுத்த கதைதான் இதுவும். கூடை நிறையப் பறித்தாலும் நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போகும். செக்ரோலில் விழுந்த கிலோதான் நமது கிலோ. விமானச் சீட்டில் வகுப்பைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். வன்வேர்ல்ட் பிஸ்னஸ் சுற்றுச் சீட்டுக்கு அது 'டி'. நீங்கள் சேரும் திட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்த 'டி'க்கு எத்தனை விழுக்காடு கொடுக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அட்டவணையில் பாருங்கள். எல்லாப் பறப்புகளையும் ஒரே திட்டத்தில் பதியுங்கள். நான்கு திட்டங்களில் சிதறிய மைல் எதற்கும் உதவாது. மைல் கணக்கில் ஏறும்வரை ஏறுமதி அட்டைகளை எறியாதீர்கள். காலாவதித் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தாருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: பெயர். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னே, விவாகப் பதிவில் வேறு எழுத்து. தோட்டத்தில் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. மைல் திட்டத்தில் பதிந்த பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இல்லாவிட்டால் பறந்த மைல் வந்து சேராது. ஆகவே முதல் வேலை கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பதிவது. இரண்டாம் வேலை விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். பணம் கட்டிய பிறகு விசா தேடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறோம். ஒன்பது ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டினோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது எங்கள் சேமிப்பு ஏறக்குறையப் பாதியாய்ச் சுருங்கியது. மறுபடியும் கட்டினோம். சாதாரண வகுப்பில் போயிருந்தால் முன்னமே போயிருக்கலாம். வாழ்நாளில் ஒருமுறை கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கடலைக் கடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அந்த ஆசைக்கு வேறு காரணம் தேடவில்லை.

எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் பயணத்துக்கு முன் பலர் ஆலோசனை கேட்பதுண்டு. பிஸ்னஸ் கிளாஸில் போனால் காலில் இரத்தக் கட்டி வராது என்று நம்பாதீர்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தாலே அந்த அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் காட்டியது. அசைவின்மைதான் காரணம், இருக்கையின் விலை அல்ல. ஆளுக்கு அந்த அபாயம் சிறியதுதான், ஆனாலும் எழுந்து நடங்கள், கெண்டைக்காலை அசையுங்கள். முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே வைத்தியரைக் காணுங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும். மேற்கே போனால் நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். அதற்கேற்ப இன்சுலின் அளவும் நேரமும் மாறலாம் என்பதால் அட்டவணையை எழுதி வாங்குங்கள். உடலின் கடிகாரம் மேற்குப் பயணத்துக்கே எளிதில் பழகும். நாங்கள் மேற்கே புறப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது இந்த உரையின் முக்கிய விடயத்துக்கு வருகிறோம். தூரத்தின் ஒன்றேகால் மடங்கு மைல் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆளுக்கு 30,000க்கு மேல், ஐவருக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம். இதை என்ன செய்வது? மைலைப் பெருக்கத் தெரிந்தவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றே: நெடுந்தூர பிஸ்னஸ் இருக்கைக்கே செலவழியுங்கள், ஒரு மைலுக்கு அங்கேதான் அதிக மதிப்பு. குறுந்தூரப் பறப்புக்குக் கொடுப்பது நட்டம் என்பார்கள்.

அந்த நட்டத்தைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. அக்கா தலைமன்னாரில் கப்பலேறினார், தங்கை இங்கே தங்கினார். போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டான்டீ தோட்டங்களை உருவாக்கியது. அந்த அக்காமாரும் தங்கைமாரும் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானதே 2021இல்தான். அந்தச் சம்பளத்தில் இந்த ஒரு மணித்தியாலத்தை வாங்க அவர்களால் ஒருபோதும் முடியவில்லை.

மைலால் வாங்கும் சீட்டுக்கும் வரியும் கட்டணமும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதைச் சங்கம் ஏற்குமா என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். பிறருக்குச் சீட்டு எடுக்கப் பல திட்டங்களில் அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும். ஆகவே இன்று வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் அம்மாவுக்கோ அம்மாயிக்கோ அக்கரையில் உடன்பிறந்தவர் இருந்தால் இரு பெயர்களையும் ஊர்களையும் எழுதுங்கள். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கு அதை எடுத்துக்கொடுக்கும் வேலையை இங்குள்ள தங்கைமார் பார்த்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவிகளே, உங்கள் கணக்குகளில் காலாவதியாகக் காத்திருக்கும் மைல் எவ்வளவு என்று ஒருமுறை பாருங்கள். பத்தாயிரம் மைல் ஒரு பெரிய பயணத்துக்குப் போதாது. இரண்டு வயதான உடன்பிறப்புகள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு அது பெரிதும் உதவும். யாருக்கு முதலில் என்ற கேள்வியும் எழும். வயதில் மூத்தவருக்கு முதலில் என்று தீர்மானித்திருக்கிறோம்.

எங்கள் பயணம் நல்லபடியாக முடிய வாழ்த்துங்கள். கொப்பி வாசலின் வலப்பக்க மேசையில் இருக்கிறது.