பேத்தி கேட்ட கேள்வி

(டில்லியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் மேற்படிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்ஜினீயரிங், சி.ஏ. பற்றியெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டது எம்.ஏ. சோஷியாலஜி, அதாவது சமூகவியல். என் பேத்தி இதைப் படிக்கப் போவதாகச் சொன்னபோது, "அதைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று முதலில் தடுத்தவன் நான்தான்.

இந்தப் படிப்புக்கு டில்லியில் பெரிய பாரம்பரியம் உண்டு. டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1959-ல் சமூகவியல் துறையைத் தொடங்கியவர் எம்.என். ஸ்ரீநிவாஸ். மைசூரில் ஐயங்கார் குடும்பத்தில் 1916-ல் பிறந்து, பம்பாயிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். 1948-ல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். பல வருஷம் உழைத்துச் செப்பனிட்ட குறிப்புகள் 1970-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் விஷமிகள் வைத்த தீயில் எரிந்துபோயின. மனம் தளராமல் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி, 1976-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதே துறையில் ஆசிரியராக இருந்தவர் ஆந்த்ரே பெத்தேய். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் வங்காளி. 1961-62-ல் நம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்து, ஒரு கிராமத்து அக்ரஹாரத்தில் குடியிருந்தார். பிராமணரல்லாத வெளியார் ஒருவருக்கு அங்கே தங்க இடம் கொடுத்தது அதுவே முதல் தடவை என்று ஊரார் அவரிடம் சொன்னார்களாம். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து, 'ஸ்ரீபுரம்' என்று பெயர் வைத்து 1965-ல் புத்தகம் எழுதினார். நிலம் நம்மவர் கையை விட்டுப் போவதையும், பஞ்சாயத்து அதிகாரம் மற்றவர்களிடம் போனதையும், படித்தவர்கள் பட்டணத்துக்குக் கிளம்பியதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். அப்படிக் கிளம்பியவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்!

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். அக்ரஹாரத்தில் குடியிருந்ததால் ஊரார் அவரையும் பிராமணரோடு சேர்த்தே பார்த்தார்கள். அதனால் சேரிக்குப் போய் மனம் விட்டுப் பழகுவது அவருக்குச் சிரமமாயிற்று. எந்தத் திண்ணையில் உட்காருகிறோமோ அதைப் பொறுத்துத்தான் ஊர் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு என் பேத்தி ஒரு நாள் கேட்டாள்: "தாத்தா, உங்க ஊர்ல சேரி எந்தப் பக்கம் இருந்தது? அங்க யாரையாவது பேர் சொல்லித் தெரியுமா?"

பதினேழு வயது வரை அந்த ஊரில் வளர்ந்தவன் நான். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு யார், என்ன கோத்திரம் என்பதை இன்றைக்கும் ஒப்பிப்பேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வயலில் வேலை செய்த ஒரு பெரியவர் வைக்கோல் கொண்டுவந்து கொல்லைப்புறம் நிற்பார். வருஷக்கணக்காகப் பார்த்த முகம். அவருக்கு எத்தனை குழந்தைகள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பேத்தி என்னைக் குறை சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம்மைப் பற்றி மற்றவர்கள் தவறாக எழுதுகிறார்கள் என்று நாம் ஆதங்கப்படுகிறோம். சில சமயம் அதில் நியாயமும் உண்டு. ஆனால் நம் பாட்டன்மார் இருந்த ஊரை முழுசாகத் தெரிந்துகொள்ள நாம் எவ்வளவு முயன்றோம்? தமிழ் பிராமணர்களைப் பற்றி கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் சேர்ந்து எழுதிய புத்தகம் 2014-ல் வந்தது. நம்மில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? பெருமைக்கும் மனஸ்தாபத்துக்கும் நடுவில் உண்மை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேடக் கற்றுக் கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

உத்தியோகக் கேள்விக்கும் பதில் சொல்லி விடுகிறேன். யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். ஆராய்ச்சி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களில் இடம் உண்டு. ஐ.ஏ.எஸ். மெயின் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மார்க். டில்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜே.என்.யு.விலும் சேரப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகப் படிக்கலாம். எந்தப் பட்டதாரியும் சேரலாம், வயது தடையில்லை. ஓய்வு பெற்றவர்களும் யோசிக்கலாம். இன்ஜினீயர் சம்பளம் ஆரம்பத்திலேயே வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இதைப் படிக்கிறேன் என்றால், என்னைப் போல முதலில் தடுக்காதீர்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த லீவில் பேத்தியோடு ஊருக்குப் போவதாக இருக்கிறேன். கோயில் தரிசனம் முடிந்ததும் வாய்க்காலைத் தாண்டிப் போய், அந்தப் பெரியவரின் குடும்பத்தை விசாரிக்க வேண்டும்.