டபுள் பெர்த்: அன்னைக்கு முதல்ல சிரிச்சது நான்தான்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது.)

வழக்கமா ஆபீஸ், அப்ரைசல், வாடகை வீட்டு ஓனர்னு பேசிட்டு இருக்கிற ஆள் நான். இன்னைக்கு வேற மாதிரி ஒரு எபிசோட். ஆண்கள் மேல நடக்கிற பாலியல் அத்துமீறல் பத்திப் பேசப்போறேன். கேட்க கஷ்டமா இருந்தா இங்கேயே நிறுத்திக்கோங்க, அடுத்த வாரம் பார்க்கலாம். நடந்த சம்பவத்தை விலாவாரியா சொல்லப்போறதில்ல.

இதுல வர்ற நண்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். எழுதினதை முதல்ல அவனுக்குத்தான் அனுப்பினேன். அடையாளம் தெரியுற ரெண்டு இடத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துட்டேன். இன்னொரு இடத்துல "இதுல நீ உன்னை ரொம்ப நல்லவனா காட்டிக்கிறடா"ன்னு சொன்னான். அதையும் மாத்திட்டேன்.

மெஸ்ல ஒரு காலை

2017 ஜனவரி. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பொங்கல் லீவு முடிஞ்சு எல்லாரும் ஹாஸ்டலுக்குத் திரும்புற நாள். அவனுக்கு ரயில்ல டிக்கெட் கிடைக்கல. ஸ்லீப்பர் பஸ்ல கடைசியா மிச்சம் இருந்தது ரெண்டு பேர் படுக்கிற பெர்த்ல ஒரு இடம். பக்கத்துல யார்னு தெரியாது. டிக்கெட் புக் பண்ற ஆப்ல ஒரு பொண்ணு புக் பண்ணா, பக்கத்து இடத்தைப் பெண்களுக்கு மட்டும்னு மாத்திடுவாங்க. அது தேவையான விஷயம்தான். ஒரு பையன் பக்கத்துல யார் படுத்தா என்னன்னு யாரும் யோசிக்கிறதில்ல. அவனும் யோசிக்கல.

காலைல பஸ்ல இருந்து இறங்கி நேரா மெஸ்ஸுக்கு வந்தான். நாங்க ஆறு பேர் இட்லி சாப்பிட்டுட்டு இருந்தோம். ராத்திரி முழிச்சுப் பார்த்தா பக்கத்துல இருந்த ஆளோட கை தன் மேல இருந்துச்சுன்னு சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிச்சான். "டேய், செம காமெடிடா"ன்னுதான் முதல் வார்த்தை. பாதியில அவன் சிரிப்பு நின்னுடுச்சு. எங்களுக்கு நிக்கல.

முதல்ல சிரிச்சது நான். வடிவேலுவோட "அவனா நீயி" டயலாக்கை சொன்னதும் நான்தான். "டபுள் பெர்த்"னு பேர் வச்சதும் நான்தான். அந்த பேர் எவ்வளவு வேகமா பரவுச்சுன்னா, ஜூனியர் பசங்க கதை தெரியாமலே அவனை அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஃபேர்வெல் டி-ஷர்ட்ல எல்லாருக்கும் முதுகுல பட்டப்பேர் பிரிண்ட் பண்ணோம் இல்ல, அவனுக்கு அதுதான். அவன் அந்த டி-ஷர்ட்டை ஒரு தடவைகூட போடல. "சைஸ் சரியில்ல"ன்னு சொன்னான். நம்பிட்டோம்.

அதுக்கப்புறம் ஊருக்குப் போறதுக்கு பகல்ல போற ரயில்தான். ஒரு நாள் முழுக்க வீணாகும். "சீன் பார்த்துட்டே போலாம்டா"ன்னு சொல்லுவான். அதையும் நம்பிட்டோம்.

ஏழு வருஷம் கழிச்சு

2024-ல எங்க செட்ல ஒருத்தன் கல்யாணம். வாட்ஸ்அப் குரூப்ல பஸ் டிக்கெட் போட்டுட்டு இருந்தோம். நான் "உனக்கு டபுள் பெர்த் போட்டாச்சு மச்சான்"னு டைப் பண்ணி ஒரு சிரிக்கிற எமோஜி போட்டேன். அவன் குரூப்ல இருந்து வெளியே போயிட்டான்.

ராத்திரி போன் பண்ணேன். மூணாவது தடவைதான் எடுத்தான். கத்துவான்னு நினைச்சேன். கத்தல. ரொம்ப நிதானமா சொன்னான்: "பஸ்ல நடந்தது ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்டா. அதை நான் மறந்துகூட இருப்பேன். நீங்க ஒன்றரை வருஷம் தினமும் ஞாபகப்படுத்துனீங்க."

எனக்குப் பேச்சு வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கேட்டான்: "நம்ம கிளாஸ் பொண்ணு யாராவது இதே கதையைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பியா?"

சிரிச்சிருக்கமாட்டேன். ஆனா "நைட் பஸ்ல ஏன் தனியா வந்தே?"ன்னு கேட்டிருப்பேன். அதுவும் யோக்கியமான பதில் இல்ல. பொண்ணு சொன்னா சந்தேகப்படுறோம், பையன் சொன்னா சிரிக்கிறோம். ரெண்டுலயுமே, தப்பு செஞ்சவனைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

"ஏன் திருப்பி அடிக்கல?"

அன்னைக்கு மெஸ்ல நாங்க கேட்ட முதல் கேள்வி இது. அவன் அஞ்சு அடி பத்து அங்குலம், வாலிபால் டீம். "ஒரு அறை விட்டிருக்கலாம்ல?"

பயத்துல உடம்பு சண்டை போடும் இல்ல ஓடும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். மூணாவதா ஒண்ணு இருக்கு: உறைஞ்சு போறது. கை கால் அசையாது, குரல் வராது. பாலியல் தாக்குதலுக்கு ஆளானவங்ககிட்ட இது ரொம்ப சகஜமா நடக்கிற விஷயம். அது கோழைத்தனம் கிடையாது. மூளை நம்மகிட்ட பர்மிஷன் கேட்டுட்டு அதைச் செய்றதில்ல.

இன்னொண்ணு, ஆண்கள் யாருமே வாய்விட்டுச் சொல்லாதது. தொடுதலுக்கு உடம்பு தன்னால ரியாக்ட் பண்ணலாம். விறைப்பு வரலாம். பயத்துல இருக்கும்போதுகூட வரலாம். சூடு பட்டா கை தானா பின்னாடி வர்ற மாதிரிதான் அது. விருப்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இது தெரியாம எத்தனையோ பேர் "அப்போ எனக்கும் பிடிச்சிருந்துச்சோ"ன்னு வருஷக்கணக்கா தன்னையே சந்தேகப்பட்டுட்டு இருக்காங்க. நீங்க அந்த மாதிரி ஒருத்தரா இருந்தா, இந்த ஒரு வரிக்காகவாவது இந்த எபிசோட் போதும்: உங்க உடம்பு ரியாக்ட் பண்ணதால நீங்க சம்மதிச்சதா ஆகாது.

என் நண்பனுக்கு வேற பயம். "அவன் ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தான்? என்கிட்ட ஏதோ தெரிஞ்சிருக்குமோ?"ன்னு யோசிச்சானாம். எங்க ஜோக் எல்லாமே அந்த பயத்துலதான் எண்ணெய் ஊத்திருக்கு. அத்துமீறுறவனுக்குத் தேவை ஒரு வாய்ப்பும், மாட்டமாட்டோம்ங்கிற தைரியமும்தான். ஒரு ஆண் இன்னொரு ஆணை விரும்புறது வேற, தூங்குறவன் மேல கை வைக்கிறது வேற. ரெண்டையும் ஒரே ஜோக்குக்குள்ள போட்டு அடைச்சதால, பாதிக்கப்பட்ட பையனும் வாய் திறக்கல, நம்மகூட இருக்கிற கே பசங்களும் வாய் திறக்கல.

இது ஏதோ அபூர்வமா நடக்கிறது இல்ல

2007-ல மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். அதுல 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதா சொன்னாங்க. ஆபாசப் படம் காட்டுறதுல இருந்து கொடூரமான தாக்குதல் வரைக்கும் எல்லாமே அந்தக் கணக்குல வரும். அப்படிச் சொன்னவங்கள்ல பாதிக்கும் மேல, 52.94 சதவீதம், ஆண் பிள்ளைங்க.

நம்ம வீட்டுல பொண்ணுக்கு "யாராவது தொட்டா அம்மாகிட்ட சொல்லு"ன்னு சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பையனுக்கு "பொம்பள மாதிரி அழாதே"ன்னுதான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

18 வயசுக்குக் கீழே இருந்தா பதில் தெளிவு. 2012-ல வந்த போக்சோ சட்டத்துல "குழந்தை"ன்னா 18 வயசுக்குக் கீழ இருக்கிற யாரும். ஆணா பெண்ணான்னு அந்தச் சட்டம் பார்க்காது. விஷயம் தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம மறைச்சா, அதுவே குற்றம்.

18 தாண்டிட்டா சிக்கல். பழைய ஐபிசி 375-லயும் சரி, இப்போ இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 63-லயும் சரி, வன்புணர்வுன்னா ஒரு ஆண் ஒரு பெண்ணுக்குச் செய்றது மட்டும்தான். வயசு வந்த ஆணுக்குன்னு இருந்தது 377 மட்டும். 2018 செப்டம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவுல இருந்து சம்மதத்தோட நடக்கிறதை நீக்கிடுச்சு. ரொம்ப சரியான தீர்ப்பு. சம்மதம் இல்லாம நடந்தா அது குற்றம்ங்கிறதை மட்டும் அப்படியே விட்டுச்சு. 2024 ஜூலை 1-ம் தேதி புதுச் சட்டம் வந்தப்போ அந்த மிச்சமும் போயிடுச்சு. பார்லிமென்ட் நிலைக்குழு 2023-லயே அதை வச்சிருக்கச் சொல்லியிருந்தது, சேர்க்கல. 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டுக்கு இது மனுவா போச்சு. சட்டம் போடுறது பார்லிமென்ட் வேலைன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

அப்போ இன்னைக்கு ஒரு 25 வயசு ஆண் ஸ்டேஷனுக்குப் போனா? அடிச்சது, காயப்படுத்துனது, அடைச்சு வச்சது, மிரட்டுனதுன்னு கேஸ் போடலாம். உண்மையில நடந்தது என்னவோ அந்தப் பேர்ல மட்டும் போட முடியாது.

2013-ல வர்மா கமிட்டி, பாதிக்கப்பட்டவங்க யாரா இருந்தாலும் சட்டம் பாதுகாக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. குற்றம் செய்றவரையும் பொதுப்பாலா மாத்தினா, புகார் கொடுக்கிற பெண்கள் மேலேயே பொய் கேஸ் திரும்பும்னு பெண்கள் அமைப்புகள் பயந்தாங்க. அந்த பயம் நியாயமானது. ஆனா பாதிக்கப்பட்டவங்க பக்கம் மட்டும் கதவைத் திறக்கிறதுல யாருக்கு நஷ்டம்? அதனால, பெண்கள் ஏதாவது சொல்லும்போது மட்டும் "ஆண்களுக்கு நடக்கலையா"ன்னு கமென்ட் போடுறவங்க, தயவுசெஞ்சு இந்த எபிசோடை ஆயுதமா எடுக்காதீங்க.

நம்ம ஐடி மக்களுக்கு ஒண்ணு. 2013 போஷ் சட்டம் பெண்களுக்கானது. ஆனா கம்பெனி தன்னோட பாலிசியில எல்லாரையும் சேர்த்துக்க எந்தத் தடையும் இல்ல. உங்க ஆபீஸ் பாலிசியைத் திறந்து படிச்சுப் பாருங்க. இல்லைன்னா எச்.ஆர்-கிட்ட கேளுங்க.

ஒருத்தன் உங்ககிட்ட சொன்னா

சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் முழுசா கேளுங்க. பசங்க இப்படித்தான் சொல்லுவாங்க, நீங்க எப்படி எடுத்துக்கிறீங்கன்னு ஆழம் பார்ப்பாங்க. "ஏன் அடிக்கல", "ஏன் இவ்வளவு நாள் சொல்லல"ன்னு கேட்காதீங்க. "நம்புறேன்டா. உன் தப்பு இல்ல. இப்போ என்ன செய்யணும்னு நீ சொல்லு." இவ்வளவு போதும். அவன் கேட்காம போலீஸ், வீடு, இன்ஸ்டா ஸ்டோரின்னு நீங்களே ஓடாதீங்க.

சம்பவம் இப்போதான் நடந்திருக்குன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குழந்தைன்னா 1098. மனசு தாங்கலைன்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அன்னைக்கு போன்ல நான் "சாரிடா" சொன்னேன். "சரி விடு"ன்னு அவன் சொல்லல. "ம்"னு மட்டும் சொன்னான். அந்தக் கல்யாணத்துக்கு நானும் அவனும் பகல் ரயில்ல போனோம். பாதி வழிக்கு மேல அவனே பேச ஆரம்பிச்சான். மெஸ்ல சொல்லாம விட்ட மிச்சத்தை அன்னைக்குத்தான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் பார்க்காம கேட்டேன்.

குரூப்ல இப்போ அந்த பேர் இல்ல. மத்த நாலு பேர்கிட்டயும் நானே பேசினேன். ஒருத்தன் "அது சும்மா ஜோக்குடா"ன்னான். அவன்கிட்ட இன்னும் பேசிட்டு இருக்கேன்.

உங்க செட்லயும் இப்படி ஒரு பட்டப்பேர் இருந்தா, அது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.